மதீசன் வீட்டுப் பல்லிகள்

நிருஷாவுக்குப் பல்லி என்றால் அருவருப்பு. பயம் இல்லை, பயம் என்றால் விலகி ஓடிவிடலாம். சிறுவயதில் ஒருமுறை கொழும்புக்குப் போனபோது, பெரியம்மா வீட்டுக் குளியலறைக் கதவின் மேலிருந்து ஒன்று அவளுடைய கழுத்தில் விழுந்து சட்டைக்குள்ளே இறங்கியது. அந்தக் குளிர்ந்த வயிறு முதுகில் ஊர்ந்தது இருபத்தொன்பது வயதிலும் அவளுக்கு மறக்கவில்லை. தொலைக்காட்சியில் பல்லியைக் கண்டாலே பிடரியைத் தேய்த்துக்கொள்வாள்.

அதனால் மதீசன், "மேலை வாங்கோ, என்ரை பிள்ளையளைக் காட்டுறன்" என்று சொன்னபோது, நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினாள்.

ஜெர்மனியில் கிறேஃபெல்ட் நகரில் மதீசனும் அவனுடைய தாய் வத்சலாவும் இருந்த வீடு அது. கலியாணப் பேச்சு தொடங்கிக் கொஞ்ச நாள்தான். முதல் தரம் இருவரும் டுசல்டோர்ஃபில் ஒரு கோப்பிக் கடையில் தனியே சந்தித்திருந்தார்கள். மதீசன் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் இடத்தில் பொறியியலாளன். மரியாதையாகக் கதைத்தான். நிருஷா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் என்றதும், தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, "இது எனக்குச் சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து தாய் யோகத்திடம், "பாக்கலாம் அம்மா" என்றாள். அந்த ஒரு சொல் யோகத்துக்குப் போதும். அடுத்த ஞாயிறே வத்சலா வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவதென்று ஏற்பாடாகிவிட்டது. யோகம் பட்டுச்சேலையோடும், தகப்பன் விமலநாதன் இஸ்திரி போட்ட சேட்டோடும் இப்போது கீழே சோஃபாவில் இருந்து றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

மதீசனின் அறைக் கதவு திறந்ததும் முதலில் வந்தது நாற்றம். ஈரத்துணியை மூடிவைத்து மறந்துபோன நாற்றமும், அதற்குமேல் ஏதோ செத்ததன் நாற்றமும். அறையோ துப்புரவாக இருந்தது. கட்டில் விரிப்பு மடிப்புக் குலையாமல், மேசையில் கணினி பளபளவென்று. சுவரோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி ஊதா வெளிச்சத்தில் மினுங்கியது. அடியில் சிவப்பு மணல். மணலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு.

"லெயோபார்ட் கெக்கோ," என்றான் மதீசன். "பல்லிக் குட்டியள். கோடை முடிய வாங்கினனான். சிறுத்தைப் புள்ளி வளர வளரத்தான் வரும். இப்ப பட்டை பட்டையாத்தான் இருக்கும்."

நிருஷா கதவடியிலேயே நின்றுவிட்டாள். பிடரி கூசியது. ஆனாலும் விருந்தாளியாக வந்த இடத்தில் முகத்தைச் சுளிக்கக்கூடாதென்று ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

மணலில் இரண்டு கிடந்தன. விரல் நீளம் வராது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. ஒன்று கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. மற்றது தட்டையாக ஒரு மூலையில் கிடந்தது. அதன் கால் விரல்களில் பழைய தோல் காய்ந்து நூல் சுற்றினதுபோல இறுகியிருந்தது. வலது கண் மூடிக்கிடந்தது. இடது கண் திறந்தே இருந்தது.

"அந்தக் கண்ணுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"நித்திரை கொள்ளுது."

"ஒரு கண்ணாலையோ?"

மதீசன் சிரித்தான். "நீங்கள் கண் டொக்டர்தானே, நீங்களே சொல்லுங்கோ."

தண்ணீர்க் கிண்ணத்தில் பச்சைப் பாசி. அதற்குள் ஒரு பூச்சி மிதந்தது. சூட்டு விளக்கு அணைந்திருந்தது. தான் வேலையால் வந்த பிறகுதான் போடுவதாகவும், கரண்ட் செலவு கூட என்றும் அவன் சொன்னான். "சாப்பாடு குடுக்கிறதைப் பாக்கவேணும், நல்ல பகிடி," என்றபடி மேசையின் கீழிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். உள்ளே பூச்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கரகரத்தன. ஹைம்ஷன் என்று இங்கே கடையில் விற்கிற, சில்வண்டு மாதிரியான பூச்சி. ஒவ்வொன்றும் குட்டிகளின் தலையளவு. பெட்டியை அப்படியே கவிழ்த்துக் கொட்டினான்.

பூச்சிகள் மணலெங்கும் சிதறின. கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்த குட்டி ஒன்றைக் கவ்வப் பார்த்து, வாய் கொள்ளாமல் மணலோடு விட்டுவிட்டது. மூலையில் கிடந்ததின் காலடியில் இரண்டு பூச்சிகள் போய் நின்று, அந்தக் காய்ந்த விரல்களைக் கொறிக்கத் தொடங்கின. குட்டி காலை மெல்ல இழுத்தது. பிறகு இழுக்கவும் இல்லை.

"மதீசன், பூச்சி அதைத் தின்னுது."

"ஓ, சில நேரம் அப்பிடித்தான். மூண்டு குட்டி. ஒண்டு எப்பவும் அந்த மண்டையோட்டுக்குள்ளை ஒளிச்சிருக்கும், வெளியிலை வராது."

அவன் மண்டையோட்டைத் தூக்கிக் காட்டினான். மூன்றாவது அங்கேதான் இருந்தது. காய்ந்து, வாய் திறந்து, வயிறு இருந்த இடத்தில் ஓட்டையும் அதற்குள் மணலுமாக. செத்துக் கன நாள் ஆகியிருக்கவேண்டும்.

"அட," என்றான் மதீசன். மண்டையோட்டைத் திரும்ப அதன்மேலேயே வைத்துவிட்டான்.

நிருஷா வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே போகத் திரும்பினாள். "நில்லுங்கோ, மெயின் ஐட்டம் இனித்தான்," என்று அவன் தடுத்தான். ஒரு கையில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நல்லாயிருந்த குட்டியின் வாலை இரு விரலால் பிடித்துத் தூக்கினான். குட்டி அந்தரத்தில் நெளிந்தது. அப்புறம் ஒரு சின்ன முறிவு. உடம்பு மணலில் விழுந்து ஓடியது. வால் அவன் விரலில் நின்றது.

வால் துடித்தது. தனியே, ஒரு புழுவைப்போல, வளைந்து வளைந்து அடித்தது. அவன் அதை நிருஷாவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து சிரித்தான். கைபேசி அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. கதவைத் திறந்து, எதிரே இருந்த குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். தின்ற அரை றோல்ஸும் வெளியே வந்தது. முகத்தைக் கழுவினாள். கைகள் எதையும் தொடவில்லை. ஆனாலும் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். வீட்டுக்குப் போய்விடலாம். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த மூடின கண் மனதை விட்டுப் போகவில்லை. கண் வீங்கிப்போய், பீளை கட்டி, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளிக் கடைசியாகக் கடைக்கு வருகிற ஆட்களை அவள் கண்டிருக்கிறாள். அவர்களுக்கு வாய் இருக்கிறது, சொல்வார்கள்.

திரும்பிப் போனாள். மதீசன் கட்டிலில் இருந்து கைபேசியில் வீடியோவைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரெண்டையும் எனக்குத் தாறீங்களோ?"

"பிடிச்சுப்போச்சோ?"

"தாங்கோ."

ஒரு கணம்கூட அவன் யோசிக்கவில்லை. "எடுத்துக்கொண்டு போங்கோ. எனக்கும் அலுத்துப்போச்சு. இனிப் பாம்பு ஒண்டு வாங்குவம் எண்டு யோசிக்கிறன்."

வால் முறிந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருக்கவில்லை.

இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடப் போனான். வேறு வேறு பெட்டி வேண்டும் என்று நிருஷா சொன்னாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பிய்ந்த இடத்தில் ரத்தம் சிவந்திருந்த குட்டியை இன்னொன்றோடு போட மனம் வரவில்லை. கீழே குசினிக்குப் போய் இரண்டு ஐஸ்கிறீம் பெட்டி கேட்டபோது வத்சலாவின் முகம் பூவாக மலர்ந்தது.

"பாத்தீங்களோ யோகம்," என்றாள் வத்சலா. "தம்பி தன்ரை செல்லங்களையே தூக்கிக் குடுத்திட்டான். முதற் பரிசு. ஆருக்கும் தொடவே விடமாட்டான்."

இறால் பொரியலும் நண்டுக் குழம்பும் மேசையில் ஆவி பறக்க இருந்தன. நிருஷா தண்ணீர் மட்டும் குடித்தாள். வெட்கத்தில் சாப்பிடுகிறாள் இல்லை என்று பெரியவர்கள் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

காரில் யோகம் முன்சீற்றிலிருந்து திரும்பிப் பார்த்தாள். மகளின் மடியில் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒன்று. "உந்த அரியண்டங்களை வீட்டுக்குள்ளை எப்பிடி வைக்கப்போறாயோ தெரியேல்லை. எண்டாலும் பரவாயில்லை பிள்ளை. மனம் ஒத்துப்போச்சு, அதுதான் வேணும்."

"அம்மா, எனக்கு அவர் வேண்டாம்."

விமலநாதன் சிவப்பு விளக்கில் கொஞ்சம் பலமாகவே பிரேக்கை அழுத்தினார்.

நிருஷா நடந்ததைச் சொன்னாள். யோகம் கேட்டாள், முகத்தைச் சுளித்தாள், பல்லி என்ற சொல் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தாள். கடைசியில், "ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான் விளையாடுவினம்," என்றாள். "கலியாணம் முடிச்சா எல்லாம் மாறும். பல்லிக்காக நல்ல இடத்தை விடலாமோ?"

"அவரைத் தொட என்னாலை ஏலாது அம்மா."



மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஊர்வனவற்றைப் பார்க்கிற மிருக வைத்தியரைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, அன்றைக்கே காட்ட ஒரு டெர்மின் எடுத்தாள். வைத்தியர் நரைத்த தலைமுடியை உச்சியில் கட்டியிருந்த ஒரு ஜெர்மன்காரி. பெட்டியைத் திறந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். இவ்வளவு காலமும் வைத்திருந்தது நீங்களோ என்று கேட்டபோது நிருஷாவுக்கு அவமானமாக இருந்தது.

"இல்லை. நேற்றுத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு இதுகளைப் பிடிக்காது."

வைத்தியர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். ஈரப் பஞ்சை மூடின கண்ணில் வைத்து ஊறவிட்டார். இமையை மெல்ல விலக்கி, இடுக்கியால் உள்ளேயிருந்து எதையோ இழுத்தார். பழைய தோலும் சீழும் உருண்டு இறுகி, பழுதான பால்கட்டிபோல ஒரு துண்டு வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. நிருஷா மனிதக் கண்ணில் எத்தனையோ பார்த்தவள். அப்படியும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கண் மங்கலாக இருந்தது. பார்வை முழுக்கத் திரும்பாது, ஆனால் கண் தப்பும் என்றார் வைத்தியர். பூச்சி கொறித்த இரண்டு விரல்கள் தப்பவில்லை.

எக்ஸ்ரேயில் அதன் வயிறு முழுக்க மணல். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியிருந்தது.

"குட்டிகளை மணலில் விடவே கூடாது," என்றார் வைத்தியர். "அடியில் குசினிப் பேப்பர் போதும், ஊத்தையானால் மாற்றலாம். ஒரு பக்கம் முப்பத்தொரு பாகை அளவில் சூடு, மறுபக்கம் சூடு குறைவாக. இரண்டு பக்கமும் ஒளிக்க இடம். இன்னொன்று ஈரமாக, அது இல்லாவிட்டால் தோல் கழலாது, இப்படித்தான் விரலை நெரிக்கும். பூச்சி, அதன் இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. கல்சியம் தூள் பிரட்டிக் கொடுங்கள். தின்னாமல் விட்டதை வெளியே எடுங்கள். இரண்டையும் தனித்தனியே வையுங்கள். தேவையில்லாமல் தூக்காதீர்கள்."

கடைசியாகச் சொன்னதில் மட்டும் நிருஷாவுக்குச் சிரமம் இருக்கவில்லை.

விலங்குக் காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். வசந்தம் வரைக்கும் இடமில்லை என்றார்கள். அப்படித்தான் இரண்டு குட்டிகளும் அவளுடைய அறையில் குடியேறின.

அது அவளுக்கு லேசாக இருக்கவில்லை. பூச்சிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அடிநாக்கில் கசந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து, கல்சியம் தூளுக்குள் போட்டுக் குலுக்குவாள். புட்டுக்கு மா பிரட்டினதுபோல வெள்ளையாகி, அப்போதும் கால் உதறிக்கொண்டு எழும்பும். இரண்டு தரம் கைதவறி அறைக்குள் ஓடின. யோகம் செருப்போடு வந்தாள். குட்டிகளுக்குத் தீனியாக வாங்கிய மாப்புழு டப்பாவைக் குளிரூட்டியில் வைக்கவேண்டும் என்றதற்கு, "அப்பிடியெண்டா நான் வேறை வீடு பாக்கிறன்," என்றாள். அதற்குப் பிறகு டப்பா பல்கனியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது.

ஈர ஒளிப்பிடத்தை விமலநாதன் செய்துகொடுத்தார். மார்கரின் பெட்டி ஒன்றைக் கழுவி, பக்கத்தில் வட்டமாக வெட்டி, வெட்டின விளிம்பை மெழுகுவர்த்தியால் மழுப்பி, உள்ளே நனைத்த பேப்பர் வைத்தார். ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் மோசம் குளிப்பாட்டுவதுதான். மணல் வெளியே வரவேண்டும் என்றால், ஒற்றைக் கண்ணனை நாளுக்கு ஒரு தரம் ஆழமில்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, வயிற்றை விரலால் பின்பக்கமாக வருடிவிடவேண்டும். கையுறை போட்டுக்கொண்டும் அந்த மெத்தென்ற வயிறு நிருஷாவுக்குத் தெரிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, யன்னலைப் பார்த்தபடி வருடினாள். கொஞ்ச நாளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. குட்டி சாப்பிடவும் இல்லை. வால் எலும்பாகத் தெரியத் தொடங்கியது. வாலில்தான் இதுகள் கொழுப்பைச் சேர்க்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

ஒரு பின்னேரம், அவள் வருடிக்கொண்டிருக்கும்போதே அது அவளுடைய கைக்குள் கழித்தது. சிவப்பு மணலும் சளியும் கறுப்புமாக, அந்தச் சின்ன உடம்புக்கு நம்ப முடியாத அளவு. நாற்றம் மூக்கில் ஏறியது. நிருஷா ஓங்காளித்தாள். கையை உதறினால் குட்டி விழுந்துவிடும். உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா," என்று கூப்பிட்டாள். விமலநாதன் ஓடிவந்து குட்டியை ஈரத் துணியில் வாங்கினார். கை கழுவி முடித்துத் திரும்பி வந்தபோது, அது துணியிலிருந்து தலையைத் தூக்கி, நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த நாள் ஒரு சின்னப் பூச்சியைத் தின்றது.

இதற்கிடையில் யோகம் வத்சலாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்கு வேலை கூட, பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல், பிள்ளை யோசிக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மகளுக்கு மனம் மாறும் என்று காத்திருந்தாள்.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. மதீசன் அதை இணையத்தில் போட்டிருந்தான். கனடாவிலிருந்து யோகத்தின் ஒன்றுவிட்ட தங்கை, இது எங்கடை நிருஷாவோ என்று கேட்டு அனுப்பியிருந்தாள். யோகம் குசினியில் நின்றபடி பார்த்தாள். பல்லி தொங்குகிறது, வால் முறிகிறது, துடிக்கிற வால் மகளின் முகத்தை நோக்கிப் போகிறது. மகளின் முகம் சாம்பலாகிறது. பின்னால் மதீசனின் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குமேல் வேறு ஒரு சிரிப்புச் சத்தத்தை அவன் சேர்த்துவிட்டிருந்தான். கீழே முன்பின் தெரியாத ஆட்கள் அவளுடைய முகத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

யோகம் அடுப்பை நிறுத்தினாள். வத்சலாவின் இலக்கத்தை அழுத்தினாள். நிருஷா வாசலில் நின்று கேட்டாள்.

"வத்சலா, இது சரிவராது. இதோடை விடுவம்."

மறுபக்கத்துக் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. "ஏன் யோகம் திடீரெண்டு? உந்த வீடியோவுக்கோ? பிள்ளையள் பகிடிக்கு எடுத்தது. பல்லியின்ரை வால் திரும்ப வளரும்தானே."

"என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?"

"அதுக்கு? பல்லி ஒண்டுக்காகச் சம்பந்தத்தை விடப்போறீங்களோ?"

"ஓம்," என்றாள் யோகம். "வீடியோவை அழிக்கச் சொல்லுங்கோ. இண்டைக்கே. வைக்கிறன்."

தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கன நேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "சீ," என்றாள், ஒருவரையும் பார்க்காமல். "அந்த வீட்டு நண்டைத் திண்டிட்டு ருசியெண்டும் சொன்னனான்."

வீடியோ அன்றைக்குப் போகவில்லை. மதீசன் ஒரு செய்தி அனுப்பினான், ஒரு பகிடி விளங்காத ஆளோடு தனக்கும் சரிவராது என்று. நிருஷா சட்டத்தரணி என்ற சொல்லைப் போட்டு ஜெர்மனில் இரண்டு வரி எழுதிய பிறகுதான் அதை அழித்தான்.

குளிர்காலம் போய்க்கொண்டிருந்தது. வால் முறிந்த குட்டிக்குப் புது வால் வந்தது. பழையதுபோல் பட்டையோடு நீளமாக அல்ல. கட்டையாக, ஊதிப்போய், வெளிறின ஒரு கிழங்குபோல. அது ஒருநாள் தன் தோலைத் தானே உரித்துத் தின்றது. தலையிலிருந்து வெள்ளைத் தாள்போலக் கழன்றதை வாயால் இழுத்து இழுத்து விழுங்கியது. நிருஷாவுக்குத் தேகம் புல்லரித்தது. தின்று முடியும்வரை காத்திருந்து, ஒவ்வொரு விரலிலும் தோல் மிச்சம் நிற்கிறதோ என்று பார்த்துவிட்டுத்தான் அறையை விட்டுப் போனாள்.

மே மாதம் வைத்தியர் தொலைபேசி எடுத்தார். பான் நகருக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி, நெடுங்காலமாக இந்தப் பல்லிகளை வளர்க்கிறவர்கள், இரண்டையும் எடுக்கத் தயார் என்றார். நிருஷா அன்றைக்கே ஓம் சொல்லிவிட்டாள்.

விமலநாதன் காரோட்டினார். அந்த வீட்டில் தனித்தனித் தொட்டிகள் வரிசையாக இருந்தன, நாற்றமே இல்லை. வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணனைப் பிடித்துத் தூக்கவில்லை. உள்ளங்கையை முன்னால் வைத்துக் காத்திருந்தார். அதுவாக ஏறி மணிக்கட்டுவரை நடந்தது. நிருஷா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மனைவி கோப்பி தந்தாள். நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்றாள். நிருஷா நன்றி சொல்லிவிட்டு, மிச்சப் பூச்சிகளையும் மாப்புழுவையும் கொடுத்து முடித்து, வெளியே வந்து காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் விமலநாதன் கேட்டார், "கவலையாக் கிடக்கோ?"

"இல்லையப்பா. அதுகள் நல்லா இருக்கட்டும். எனக்கு இனி ஒருநாளும் வேண்டாம்."

"ம்." அவர் ஒரு லொறியை முந்தினார். "எனக்கெண்டா அந்த ஒற்றைக் கண்ணன்தான் கொஞ்சம்…"

நிருஷா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் அதைக் கையாலை தொட்டனீங்களோ?"

"நீ வேலைக்குப் போற நேரம். இடைக்கிடை. அது தானாத்தான் ஏறும்."

"கையுறை போட்டோ?"

விமலநாதன் சிக்னலைப் போட்டுத் திரும்ப வலதுபக்கப் பாதைக்கு வந்தார். நிருஷா தன் சீற்றில் கதவுப் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்து, பையைத் திறந்து ஈரத்தாள் ஒன்றை உருவி அவரிடம் நீட்டினாள்.